முகமூடிக்காரனுக்கு அடி பலமா

பேச்சு நடந்த இடம் திருக்கோகர்ணம், செவந்தி வீடு. இருந்தவர்கள்: குடுமியான்மலைப் பக்கத்துப் ‘பயில்வான் வீட்டு’ அடைக்கலம், அவர் தங்கை செவந்தி, கடைசியில் வந்து சேர்ந்த வெற்றிசெல்வன். வேறு யாரும் இல்லை. பேசியது பேசியபடியே இங்கே இருக்கிறது.

அடைக்கலம்: ...அந்தச் செல்போனை அங்கிட்டு வையி. மொதல்ல குஸ்தி நடந்த அன்னைக்கு யாரு யாரு இருந்தோம்னு சொல்லணும். அப்பா, பெரியப்பா, நான், நீ. நம்ம வீட்டு ஆளுக நாலு பேரு. ஊர்க்காரன்ல ரெங்கசாமி. எங்க, சொல்லு பாப்போம்?

செவந்தி: ஒரு நிமிசம் இருண்ணே. பச்சை டவுசருக்காரன் கழுத்தப் புடிச்சுட்டான்.

அடைக்கலம்: செவந்தி...

செவந்தி: அய்யோ, கயித்துக்கிட்டப் போடா... கயித்தத் தொடு... ஆ, தொட்டுட்டான்! இனிமே விட்டுத்தான் ஆகணும். என்ன கேட்டே?

அடைக்கலம்: அறுபத்திரெண்டு வயசாகுது ஒனக்கு. நம்ம வீட்டுப் பொம்பள டவுசரு போட்டவனுகளப் பாத்து கத்திக்கிட்டு ஒக்காந்திருக்கே. தெருவுல போறவன் என்ன நெனப்பான்?

செவந்தி: பயில்வான் வீட்டுப் பொண்ணு, குஸ்தி பாக்குறான்னு நெனப்பான்.

அடைக்கலம்: வாயி... வாயி மட்டும் கொறையல. நாலு மணிக்கு அந்தத் தம்பி கேமராவத் தூக்கிக்கிட்டு வந்துருவாரு.

செவந்தி: வரட்டுமே. காப்பிக்குப் பாலு வாங்கி வச்சிருக்கேன்.

அடைக்கலம்: பாலு கெடக்கட்டும். வெளையாட்டில்ல செவந்தி. அப்பா ஜெயிச்ச குஸ்தியப் பத்தி யூடியூப்புல போடப்போறாரு. மொதல்ல போயி அந்த ரெங்கசாமியக் கேட்டிருக்காரு. அவன் என்ன சொல்லியிருக்கான் தெரியுமா?

செவந்தி: என்னவாம்?

அடைக்கலம்: அப்பாவ எதுத்து நின்ன முகமூடிக்காரன் காசு வாங்கிட்டு விழுந்தானாம். நம்ம பெரியப்பா முதல் நாளே கொட்டகைக்குப் போயி குடுத்துட்டு வந்தாராம். வீடியோவுல இது வந்துச்சுன்னா...

செவந்தி: வந்துச்சுன்னா?

அடைக்கலம்: அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. பஸ்ல எறங்கி ‘பயில்வான் வீடு’ன்னு கேட்டா இன்னைக்கும் கையக் காட்டுறாங்க. அப்பா விட்டுட்டுப் போனது அந்தப் பேரு ஒண்ணுதான். அதுவும் போயிரும். அதனால நான் பேசுறேன். நீ தலைய மட்டும் ஆட்டு. குஸ்தியே பேசி வச்சு அடிக்கிறதுதான்னு ஒளறி வச்சுறாத.

செவந்தி: பேசி வச்சதுதானே அண்ணே?

அடைக்கலம்: இதத்தான் சொன்னேன்! இதத்தான்!

செவந்தி: இப்ப கேமராவா இருக்கு? ஒங்கிட்டதானே சொல்றேன். யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே சொல்லிருவாங்க. எம்மகன் சரவணக்குமாருக்குப் பத்து வயசுல இது தெரிஞ்சு, ரெண்டு நாளு சோறு எறங்கல அவனுக்கு. சேத்து வச்சிருந்த குஸ்திக்காரன் அட்டையெல்லாம் அடுப்புல போடப் போனான். நான்தான் புடுங்கி வச்சேன்.

அடைக்கலம்: தெரிஞ்சும் முப்பது வருசமா பாக்குறியே, அது எதுக்கு?

செவந்தி: யாரு ஜெயிப்பான்னா பாக்குறேன்? எப்படி விழுறான்னு பாக்குறேன்.

அடைக்கலம்: விழுறதுல பாக்க என்ன இருக்கு?

செவந்தி: எல்லாம் அதுலதான் இருக்கு. ஜெயிக்கிறது பேசி வச்சது. விழுறது நெசம். கயித்து மேலேர்ந்து பலகையில விழுந்தா, பேசி வச்சதுன்னு முதுகுக்குத் தெரியுமா? ஆனா ஒண்ணு. இப்ப உள்ளவனுக சரியில்ல. முன்னாடியெல்லாம் ஒருத்தனத் தூக்கிப் போட்டா அவன் கெடப்பான். எந்திரிக்கப் பாப்பான், முடியாம திரும்பவும் விழுவான். நமக்கு நெஞ்சு அடிச்சுக்கும். இப்ப போட்ட மறுநிமிசம் துள்ளி எந்திரிச்சு மைக்கப் புடிச்சுப் பேச ஆரம்பிச்சுர்றான். விழுந்தவன் கொஞ்ச நேரம் கெடக்கணும்ணே. அப்பத்தானே போட்டவனுக்கு மரியாத?

அடைக்கலம்: பெரிய வாத்தியாரு...

செவந்தி: சரவணக்குமாரும் இதத்தான் சொல்லுவான். வேலைக்குப் போன தோகாவுல அவன் பாப்பான், இங்க நான் பாப்பேன். முடிஞ்சவொடன போனு. ‘சாப்பிட்டியாம்மா’ன்னு கேக்க மாட்டான். ‘அந்தத் தாடிக்காரன் விழுந்தத பாத்தியாம்மா’ம்பான். நானும் பாத்தேன்னு சொன்னா அவனுக்கு அன்னைக்குத் தூக்கம் வரும்.

அடைக்கலம்: அவன் எப்ப வர்றானாம்?

செவந்தி: தையில வாரேன்னான். போன தையிலயும் அதத்தான் சொன்னான்... இந்தா, இங்க பாருண்ணே, இத மட்டும் பாரு. கிட்ட வா. பச்சை டவுசரு கீழ கெடக்கான்ல? மேல இருக்கவன் கையப் பாரு.

அடைக்கலம்: முறுக்குறான்.

செவந்தி: முறுக்கல. நல்லாப் பாரு. ஒரு அழுத்து அழுத்துறான். அது ‘ஒனக்கு ஒண்ணும் இல்லையே’ன்னு கேக்குறது. இவன் திருப்பி அழுத்துனா ‘இல்ல, நீ அடி’ன்னு அர்த்தம். ஆயிரம் பேரு பாத்துக்கிட்டிருக்கான், ஒருத்தனுக்கும் தெரியாது.

அடைக்கலம்: இது... இது எல்லாருமே பண்ணுவானுகளா?

செவந்தி: நல்லவனுக எல்லாம் பண்ணுவானுக. ஏன்?

அடைக்கலம்: ஒண்ணுமில்ல. போன அமத்து. என்ன, தோடு புதுசா இருக்கு?

செவந்தி: கேமராவுக்குத்தான்! பரிமளா எடுத்துக் குடுத்தா. ‘மூஞ்சிய விடுங்கத்த, காது நல்லாத் தெரியணும்’னா. மருமகளா அவ? குசும்பு புடிச்சவ.

அடைக்கலம்: அந்தக் காது குத்துறப்ப ஊரையே கூட்டுனே நீ. ஏழு வயசு. அலறல் மலை மேல வரைக்கும் கேட்டுருக்கும்.

செவந்தி: வலியில அழுவல நான்.

அடைக்கலம்: பின்ன?

செவந்தி: மாமா மடியில ஒக்காரலன்னு அழுதேன். மாமா மடிதான்னு ஆத்தா ஒரு மாசமா சொல்லிக்கிட்டிருந்துச்சு. வெள்ளையன் மாமா வாசல்ல நிக்குது. நான் எந்திரிச்சு ஓடப் போறேன்... பெரியப்பா புடிச்சு மடியில அமுக்கிட்டாரு.

அடைக்கலம்: வெறுங்கையோட வந்து நின்னாரு. அந்த வருசம் அவருக்கு வெளச்சல் இல்ல. போதாததுக்கு மஞ்சுவெரட்டுல மாடு மிதிச்சு எடது கை சுண்டு விரலு வளஞ்சு போயி, கூலி வேலையும் இல்ல. தட்டு இல்ல, சேலை இல்ல, ஒரு அண்டா குண்டா இல்ல.

செவந்தி: அப்பா என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?

அடைக்கலம்: ...இருக்கு.

செவந்தி: ‘சீரில்லாத தாய்மாமன் மடியில எம்மக ஒக்கார மாட்டா.’ ஊரு முன்னாடி. ஆத்தா அடுப்படிய விட்டு வெளிய வரவே இல்ல.

அடைக்கலம்: அப்பா கவுரவம் பாத்தாரு. தப்புன்னு சொல்ல மாட்டேன்... சரின்னும் சொல்லல. அன்னைக்குப் போன மனுசன்தான் மாமா, திரும்பி வரல. அத இப்ப எதுக்குக் கெளறுறே? குஸ்திக்கு வா. கேமரா முன்னாடி எதச் சொல்லணும், சொல்லு.

செவந்தி: புதுக்கோட்டைப் பொட்டல்ல நாலு நாளு கொட்டகை போட்டாங்க. எனக்கு ஒம்பது வயசு. கடைசி நாளு போனோம்.

அடைக்கலம்: ம்.

செவந்தி: மூணு நிமிசம் எதுத்து நின்னா பித்தளை அண்டா பரிசுன்னு மைக்குல சொன்னாங்க. இந்தா, மூலையில இருக்கே, இதே அண்டாதான். என் கல்யாணத்துக்கு எனக்கே குடுத்தீங்க.

அடைக்கலம்: கல்யாணமெல்லாம் வேணாம். அப்பா தானா எந்திரிச்சு மேடையேறுனாருன்னு சொல்லு.

செவந்தி: தானாவா ஏறுனாரு? முகமூடிதான் கயித்தோரமா நடந்து வந்து, கூட்டத்த ஒரு சுத்து பாத்து, அப்பாவக் கை காமிச்சான். அத்தன பேருல அப்பாவ.

அடைக்கலம்: ஆளு கட்டுமஸ்தா இருந்தாரு. அதனால காமிச்சான்.

செவந்தி: அப்பாவா? வேட்டிய இறுக்கிக் கட்டுனாலும் நிக்காது அவருக்கு!

அடைக்கலம்: ஏய்... சிரிக்காத. சிரிச்சா நானும் சிரிச்சுருவேன். கேமரா முன்னாடி இந்த மாதிரி...

செவந்தி: சரி, சரி. கட்டுமஸ்துதான். மேல சொல்லு.

அடைக்கலம்: அப்பா ஏறுனாரு. ரெண்டு சுத்து சுத்துனாங்க. முகமூடி அப்பா கையப் புடிச்சான். எடது கையால. நான் மேடைக்கு அடியிலேயே நிக்கிறேன். புடிச்சு... ஒரு அழுத்து...

செவந்தி: அழுத்துனானா?

அடைக்கலம்: அவன் சுண்டு விரலு...

செவந்தி: சுண்டு விரலு?

அடைக்கலம்: ஒண்ணுமில்ல. அப்பா தூக்கிப் போட்டாரு. முகமூடி விழுந்தான். அவ்வளவுதான்.

செவந்தி: எப்படி விழுந்தான், அதச் சொல்லு. நான் இத்தன வருசம் இத்தன பேரு விழுந்து பாத்துட்டேன். அந்த மாதிரி ஒருத்தன் விழல. மரம் சாயிற மாதிரி சாஞ்சான். மூணு எண்ணி முடிச்சு, அப்பாவத் தோள்ல தூக்கிக்கிட்டு ஊரே போயிருச்சு. அவன் எந்திரிக்கல. கூட்டம் கலையுற வரைக்கும் கெடந்தான்.

அடைக்கலம்: ஒனக்கு எப்படித் தெரியும்? நீ எங்ககூட வரலயா? பெரியப்பா கையப் புடிச்சுக்கிட்டு வந்தேன்னுல்ல சொன்னே?

செவந்தி: சொம்புல தண்ணி இருந்துச்சு. பெரியப்பா குடுத்து வச்சிருந்தாரு. எனக்கு அவனப் பாக்கப் பாவமா இருந்துச்சு. கொட்டகைக்குப் பின்னாடி போனேன்.

அடைக்கலம்: தனியாவா? ஒம்பது வயசுப் புள்ள... வீட்டுல சொல்லவே இல்லையே நீ?

செவந்தி: சத்தியம் வாங்கிட்டான்ல. அதனால ஒங்கிட்டகூடச் சொல்லல. இம்புட்டு வருசமா, ஒங்கிட்டகூட.

அடைக்கலம்: சரி... இப்ப சொல்லு.

செவந்தி: முகமூடிய மூக்கு வரைக்கும் தூக்கிக்கிட்டு, சொம்புத் தண்ணி முழுக்கக் குடிச்சான். ஒதடு கிழிஞ்சிருந்துச்சு. என்னக் கிட்ட கூப்பிட்டான். காதத் தொட்டான்ணே. ரெண்டு காதையும். ‘குத்துனப்ப ரொம்ப வலிச்சுச்சா?’ன்னு கேட்டான்.

அடைக்கலம்: ஒங்கிட்ட அப்படியா கேட்டாரு?

செவந்தி: இப்ப என்ன சொன்னே?

அடைக்கலம்: என்ன சொன்னேன்?

செவந்தி: ‘கேட்டாரு’ன்னே. முகமூடி விழுந்தான், முகமூடி கை காமிச்சான்னு காலம் பூராம் சொன்ன ஆளு நீ. இப்ப ‘கேட்டாரு’ங்கிறே...

அடைக்கலம்: வாயி தவறிருச்சு.

செவந்தி: ஒனக்கு மரியாதை விசயத்துல வாயி தவறாதுண்ணே. எப்பத்துலேர்ந்து தெரியும்?

அடைக்கலம்: அந்த விரலப் பாத்ததுலேர்ந்து. பாத்தும் நம்பல. வீட்டுக்கு வந்தேன். வாசல்ல மேளம், வெடி. ஆத்தா என்னைய மட்டும் கொல்லைக்குக் கூப்பிட்டுச்சு. அப்பா ஜெயிச்சாரான்னு கேக்கல. ‘முகமூடிக்காரனுக்கு அடி பலமா’ன்னு கேட்டுச்சு. அப்ப நம்புனேன்.

செவந்தி: ஆத்தாவுக்குத் தெரியுமா... அய்யோ. என்ன சொன்னே?

அடைக்கலம்: ‘இல்லாத்தா, நல்லா நடந்து போனாரு’ன்னேன். பொய்யி. கெடந்தத நானும் திரும்பிப் பாத்துட்டுத்தான் வந்தேன்.

செவந்தி: அதான் வெள்ளிக்கெழம தவறாம புளி போட்டு இந்த அண்டாவத் தேச்சுதா ஆத்தா...

அடைக்கலம்: தண்ணி ஊத்த விடாது யாரையும்.

செவந்தி: நீ ஏன்ணே எங்கிட்ட சொல்லல?

அடைக்கலம்: அப்பா ஜெயிச்சாருன்னு நீ ஊரு பூராம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே. ஒன் மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்ல?

செவந்தி: நீ பெருமையா நிமுந்து நடந்தே. அதக் கெடுக்க வேணாம்னு நான் இருந்தேன்... அப்பாவுக்கு?

அடைக்கலம்: அப்பா அந்தக் கதைய அவரு வாயால சொல்லி ஒரு நாளாவது கேட்டிருக்கியா?

செவந்தி: இல்ல. யாராச்சும் ஆரம்பிச்சா துண்ட ஒதறிக்கிட்டு வயலுக்குப் போயிருவாரு.

அடைக்கலம்: அவரத் தேடி மூணு தடவ போனாரு. கொட்டகை எந்த ஊருக்குப் போச்சுன்னே தெரியல. என்னையத் தவிர யாருக்கும் சொல்லாம போனாரு. நான் பஸ் ஏத்தி விட்டேன்.

செவந்தி: கண்ணத் தொட. ஆளு வரப்போறாரு.

அடைக்கலம்: தூசி.

செவந்தி: இங்க கைய நீட்டு.

அடைக்கலம்: எதுக்கு?

செவந்தி: நீட்டுண்ணே... ம். திருப்பி அழுத்து.

அடைக்கலம்: இந்தா.

செவந்தி: அவ்வளவுதான். இனிமே நீ என்ன சொல்லணும்னாலும் சொல்லு. நான் தலைய ஆட்டுறேன்.

வெற்றிசெல்வன்: ஐயா... அம்மா... உள்ள வரலாங்களா?

செவந்தி: வாங்க தம்பி, வாங்க. இங்கிட்டு ஒக்காருங்க. காப்பி போடவா?

வெற்றிசெல்வன்: அப்புறம் குடிக்கிறேம்மா. வெளிச்சம் நல்லா இருக்கு. அந்த அண்டாவ ஐயா பக்கத்துல வச்சுக்கலாம். ஐயா, நேரா இங்க பாருங்க. பேரச் சொல்லி ஆரம்பிங்க. அன்னைக்கு யாரெல்லாம் இருந்தீங்க?

அடைக்கலம்: எம்பேரு அடைக்கலம். அன்னைக்கு எங்க அப்பா, பெரியப்பா, நான், என் தங்கச்சி இவ... எங்க வீட்டு ஆளுக அஞ்சு பேரு இருந்தோம்.

வெற்றிசெல்வன்: நாலு பேருதானே சொன்னீங்க? சரி, அதுக்கு அப்புறம் வருவோம். கோச்சுக்காதீங்க ஐயா, இத மொதல்லயே கேட்டுர்றேன். அந்த முகமூடிக்காரரு காசு வாங்கிட்டுத்தான் விழுந்தாருன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்கு. அதுக்கு என்ன சொல்றீங்க?

அடைக்கலம்: தப்பு. அவரு காசு வாங்கல. அவரு பேரு வெள்ளையன், எங்க ஆத்தா ராக்காயி கூடப் பொறந்தவரு, எங்க வீட்டு ஆளுல அஞ்சாவது ஆளு. அன்னைக்கு அவரு விழுந்தது, இந்தா இவ காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரு.