ஆடிக்கொண்டிருக்கும் தட்டு

ஆப்பிள் பை என்கிற பழப் பணியாரம் வாங்கினால் அடியில் வருகிற அலுமினியத் தட்டை நான் ஒருபோதும் தூக்கி எறிவதில்லை. நீங்களும் எறியாதீர்கள், கான்ஸ்டபிள். கழுவி, விளிம்பில் ஓர் ஓட்டை போட்டு, மீன் நூலில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டால், இந்த வடக்குக் காட்டில் அதைவிட நல்ல வேலைக்காரன் கிடைக்க மாட்டான். காற்றடித்தால் சுற்றும். வெயில் பட்டால் மின்னும். விடுமுறை கேட்காது.

லிங்க்ஸ் பூனையை அப்படித்தான் பிடிக்கிறோம். நரிக்கு மூக்கு உண்டு, ஓநாய்க்குச் சந்தேகம் உண்டு. லிங்க்ஸுக்குக் கண் மட்டும்தான். தூரத்தில் எதுவோ ஆடுகிறது என்றால் அதற்கு இருப்புக் கொள்ளாது. காது நுனியில் கறுப்புக் குஞ்சம், பனியில் புதையாத பாதம், பட்டணத்துச் சீமாட்டிகள் கழுத்தில் சுற்றிக்கொள்ளத் துடிக்கிற ரோமம் என்று பார்த்துப் பார்த்துச் செய்த கடவுள், உள்ளே மூளை வைக்க மறந்துவிட்டார். நேராகத் தட்டை நோக்கி நடந்து வரும். தட்டுக்குக் கீழே, பனிக்கு அடியில், காலைக் கவ்வும் பொறி இருக்கும். மாட்டிய பிறகு நரி மாதிரித் துள்ளாது, கடித்துப் பிடுங்காது. உட்கார்ந்து நம்மைப் பார்க்கும், ஏதோ பேருந்துக்குக் காத்திருப்பதைப் போல.

முப்பத்தொரு குளிர்காலமாக அந்தப் பார்வையைப் பார்த்து வருகிறேன். எனக்கு அதன்மேல் இரக்கம் வந்ததில்லை, மரியாதையும் வந்ததில்லை. நீங்கள் க்ளோவிஸைப் பற்றிக் கேட்டீர்கள். தெரியும். அவனைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

க்ளோவிஸ் தெரியான் இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவன். ஓய்வு பெற்றதும் மற்றவர்களைப் போல வயிறு வளர்க்காமல், நான் பொறி வைக்க உரிமை உள்ள வேட்டைத் தடத்துக்கு அடுத்த தடத்தை வாங்கிக்கொண்டான். மனைவி பின்னிய சிவப்புத் தொப்பி. பனிவண்டிக்கு ஜோர்ஜெட் என்று பெயர். காட்டுக்குள் விசிலடித்துக்கொண்டே பொறி வைக்கப் போகிற ஒரே மனிதன், நான் பார்த்ததில், அவன்தான். மரங்களுக்குக்கூடக் கையசைப்பான். பழக்கதோஷம். ஏதாவது குழந்தை ஏறுமோ என்று பார்த்திருப்பான்.

அவனுக்கு நான்தான் முதல் வருடம் ஒரு விஷயம் கற்றுக்கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம் அது. ஓடையில் பனிக்கட்டி மெலிந்திருக்கும் இடம் யாருக்குத் தெரியுமோ, அவர் ஓர் இளம் ஸ்ப்ரூஸ் மரத்தை வெட்டி இரண்டு கரையிலும் நட்டு வைக்க வேண்டும். மரம் நின்றால் ஒருவரும் அங்கே கால் வைக்க மாட்டார்கள். மரம் இல்லையென்றால் யோசிக்காமல் நடப்பார்கள். என் தடத்தில் ஊற்று வளைவு என்று ஓர் இடம். அடியில் வெந்நீர் ஊற்று கசிவதால் எந்தக் குளிரிலும் அங்கே கட்டி இறுகாது. மேலே பனி மூடியிருப்பதால் பார்வைக்கும் தெரியாது. அங்கே வருடா வருடம் நான்தான் நடுகிறேன். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் என் பொறிகள் காலியாகத் தொடங்கின. சங்கிலி இருக்கும், கொஞ்சம் ரத்தம் இருக்கும், ஒரு பிடி ரோமம் இருக்கும், பூனை இருக்காது. சுற்றிலும் க்ளோவிஸின் பனிச்செருப்புத் தடம், பனியில் கால் புதையாமலிருக்க மாட்டிக்கொள்கிற அகலச் செருப்பு. இடது செருப்பின் மரச்சட்டம் வளைந்தது, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். வேறொரு தடமும் கூடவே இருந்தது, ஐந்து நகத்தோடு, கரடிக்குட்டி அளவுக்கு. வுல்வரினாக இருக்கலாம். பொறியில் கிடப்பதைத் தின்று திரிகிற பிராணி அது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வுல்வரின் பனிச்செருப்பு போடுவதில்லை.

பதினொரு பூனை போனது.

பதினொன்றாவது போன மறுநாள் ஹுல்டாவின் கடையில் அவனைப் பார்த்தேன். அடுப்பைச் சுற்றி வழக்கமான கூட்டம், செய்வதற்கு எதுவும் இல்லாதவர்கள்.

"என்ன பெருசு, மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றான் க்ளோவிஸ். "உங்க பூனைங்க எல்லாம் என் கொட்டகையிலதான் தூங்குது. வந்து கூட்டிட்டுப் போங்க!"

"பால் கீல் ஊத்துனியாய்யா?" என்றாள் ஹுல்டா.

"ஊத்தாம இருப்பனா? குடிக்கத்தான் மாட்டேங்குதுங்க."

அடுப்பே சரிந்துவிடும்போலச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேட்டரியும் ஒரு ஆப்பிள் பையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ மியாவ் என்றார்கள்.

அந்த வாரமே இரண்டு முறை என் வீட்டுக் கதவைத் தட்டினான். திறக்கவில்லை. திரைச்சீலை இடுக்கில் பார்த்தேன், சிரித்துக்கொண்டு நின்றான். திருடிவிட்டு வீடு தேடி வந்து சிரிக்கிறவனிடம் என்ன பேசுவது? உங்களிடம் வந்திருக்கலாம் என்கிறீர்கள். போன வருடம் என் ஜெனரேட்டர் காணாமல் போனபோது வந்தேனே. நான்கு பக்கப் படிவம் கொடுத்தீர்கள், மூன்றாம் பக்கத்தில் ஜெனரேட்டருக்கு அடையாள மச்சம் கேட்டிருந்தது.

ஆகையால் எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன்.

பையைத் தின்றேன், தட்டைக் கழுவினேன். மரப்பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஊற்று வளைவின் அக்கரைக்குப் போய், இக்கரையிலிருந்து நன்றாகத் தெரிகிற கிளையில் அதைத் தொங்கவிட்டேன். கீழே பொறி. எனக்கு மிச்சமிருந்த ஒரு பூனையை, உட்கார்ந்திருக்கும் வாக்கில் உறைய வைத்து, அந்தப் பொறியில் உட்கார வைத்தேன். பிறகு இரண்டு கரையிலும் நட்டிருந்த மரங்களைப் பிடுங்கிக்கொண்டேன். என் மரங்கள்தான். நான் வெட்டியவை, நான் நட்டவை. அன்றும் மறுநாளும் பனி பெய்து குழிகளை மூடியது. அதற்கு நான் பொறுப்பல்ல.

சனிக்கிழமை நண்பகல். நான் இக்கரைப் புதருக்குள், ஃபிளாஸ்க் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். முதலில் விசில் வந்தது, பிறகு சிவப்புத் தொப்பி வந்தது. ஜோர்ஜெட்டை மேட்டில் நிறுத்தினான். தட்டைப் பார்த்தான். பூனையைப் பார்த்தான். கரையில் மரம் நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். நான் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை. மரம் இல்லை. பனிச்செருப்பை மாட்டிக்கொண்டு நேராக நடந்தான்.

பாதி ஓடையில் கட்டி விட்டுக்கொடுத்தது. பெரிய சத்தம் எல்லாம் இல்லை. ஈரத் துணியைத் தரையில் போட்டது மாதிரி.

விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நான் எழுந்து நின்றேன். என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"பெருசு! நல்ல வேள! அந்த மரத்த நீட்டுங்க!"

மரம் என் காலடியில்தான் கிடந்தது. ஒன்பது அடி. அவனுக்கும் எனக்கும் நடுவில் எட்டடிகூட இருக்காது.

பூனையாக இருந்தால் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும். இவன் பேசினான். பல் கிடுகிடுக்க, விட்டு விட்டுப் பேசினான். "உங்க பூனையத் தூக்கிக் கட்டத்தான் வந்தேன்... அந்த வுல்வரின் உங்க தடத்துலயே சுத்துது... பதினொண்ணும் கொட்டகையில இருக்கு, பேரெழுதி அட்டை கட்டி வெச்சிருக்கேன்... ரெண்டு தடவ வந்து தட்டுனேன், நீங்க தொறக்கல..."

அதுவும் எங்கள் வழக்கம்தான். பக்கத்துத் தடத்துக்காரனின் பொறியில் கிடப்பது நாசமாகும்போலிருந்தால், எடுத்து எட்டாத இடத்தில் தொங்கவிட்டு, சேதி சொல்லி அனுப்ப வேண்டும். சேதியும் சொல்லித்தான் இருக்கிறான், ஊர்க் கூட்டத்தின் நடுவில். அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்கு அங்கேயே தெரிந்தது. அந்தக் குளிரில் யாருக்கும் கற்பனை ஓடாது. நீங்கள் கொட்டகையைத் திறந்து பார்த்ததாகச் சொன்னீர்கள். எண்ணிக்கை சரியாக இருந்திருக்குமே.

அவசரப்பட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. நிதானமாகவே யோசித்தேன், அவனுக்கும் நேரம் இருந்தது. அவன் கரையேறினால் இதைக் கடையில் சொல்வான். கெட்ட எண்ணத்தோடு அல்ல. சிரிப்பதற்காகச் சொல்வான், முதலில் அவனே சிரிப்பான். பெருசு எனக்குப் பொறி வெச்சாரு, பையத் தின்னு தட்டத் தொங்கவிட்டாரு என்று. ஹுல்டா பால் ஊற்றுவதைப் பற்றி ஏதாவது சொல்வாள். சாகும்வரை என்னைப் பார்க்கிற இடமெல்லாம் மியாவ் என்பார்கள். இப்படிப்பட்ட ஊர் சிரிக்க நான் ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

மரத்தைக் கையில் எடுத்தேன். அவன் ஒரு கையை விட்டு நீட்டினான். மரம் எதற்கு என்பதை முதல் வருடமே சொல்லிக்கொடுத்திருந்தும் அவனுக்குப் புரியவில்லை. அவன் நடந்துபோன தடத்தின் மேலேயே, கரையோரம், நேராக நட்டேன்.

"அங்க இல்ல, பெருசு," என்றான். "இங்க. இந்தப் பக்கம்."

அதன்பிறகு பேசவில்லை. பார்த்துக்கொண்டிருந்தான். நான் முன்பே சொன்னேனே, அந்தப் பார்வைதான்.

மரம் அவன் தடத்தின் மேல் நிற்கிறதே, அவன் வரும்போது அது இருந்திருக்க முடியாதே என்று பெரிய கண்டுபிடிப்பைப் போலச் சொன்னீர்கள். யார் மறைத்தார்கள்? இன்னொரு மரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, பாலத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்து, அக்கரையிலும் நட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். முழங்கால் வலி வேறு. ஆனாலும் நாலு பேர் வந்து போகிற இடம், கான்ஸ்டபிள். யாராவது தெரியாமல் விழுந்து வைத்தால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது?