கடைசி ஏற்றத்துக்கு ஒதுக்கிவைத்த விசிறி

"நகராத சைக்கிள்ல ஒருத்தர் எப்படி சார் பின்தங்க முடியும்?" என்று காவல் நிலைய எழுத்தர் என்னைக் கேட்டார். புதன்கிழமை நான் முதல் தடவை விசாரணைக்கு வந்தபோது கேட்டது. நான் சொன்ன பதில் முக்கால் மணி நேரம் நீண்டதால் அவர் பேனாவை மூடிவிட்டு, "நீங்களே உங்க கையால எழுதிக் குடுத்துடுங்க வாத்தியாரே, எனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். உதவி ஆய்வாளரும் ஒப்புக்கொண்டதால் இதை நானே எழுதுகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வயது அறுபத்தேழு. புகாரில் கண்ட குடியிருப்பின் மூன்றாம் மாடியில், வலப்பக்க வீட்டில், மகள் மருமகனுடன் வசிக்கிறேன். மகளுக்கு வயது முப்பத்து மூன்று, மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். மருமகன் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து மதிப்பீட்டாளர். என் மீது புகார் கொடுத்திருப்பவர் எங்களுக்கு நேர் கீழ்வீட்டுக்காரர், குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவரை இனிச் செயலாளர் என்றே எழுதுகிறேன். நான் அவரைப் பிடித்துத் தள்ளியதாகவும் அதில் அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்து வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டதாகவும் புகார். அவர் எங்கள் வீட்டு மின்சாரத்தைத் துண்டித்ததாக என் மருமகன் எதிர்ப்புகார் கொடுத்திருக்கிறார். இந்த இரண்டாவது புகாரைப் பற்றி நான் எழுதும் ஒரு வரியை வைத்துத்தான் என் மகளுக்குச் சைக்கிள் பந்தயத்தில் மறுபோட்டி கிடைப்பதும் கிடைக்காததும் இருக்கிறது. அது தெரிந்தே எழுதுகிறேன்.

எங்கள் கூடத்தில் மகளின் சைக்கிள் பின்சக்கரம் இல்லாமல் ட்ரெய்னர் என்ற கருவியில் மாட்டப்பட்டிருக்கிறது. முன்னால் தொலைக்காட்சித் திரை. திரையில் மலைப்பாதை ஓடும், பல ஊர்களில் இப்படியே அறைக்குள் மிதிப்பவர்கள் எல்லாரும் அந்தப் பாதையில் உருவங்களாக ஓடுவார்கள். திரையில் ஏற்றம் வந்தால் கருவி மிதியை இறுக்கும். இரண்டு பேர் தண்ணீர் வாளியோடு மாடிப்படி ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாளி பாதி, மற்றவர் வாளி முழுசு. கால் வலு சமமாக இருந்தால் பாதி வாளிக்காரர் முன்னால் போவார். மேட்டில் நடப்பது அவ்வளவுதான். மிதிக்கும் வலுவை உடல் எடையால் வகுத்துத்தான் திரை ஒவ்வொருவரையும் நகர்த்துகிறது. அதனால் போட்டிக்கு முன் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்று வீடியோ அனுப்ப வேண்டும். எழுத்தரின் கேள்விக்கு இதுதான் பதில். சைக்கிள் நகராது, ஆனால் பின்தங்கலாம்.

என் மகள் கல்லூரிக் காலத்தில் சாலையில் பந்தயம் ஓட்டியவள். ஆய்வக வேலையின் ஷிப்ட் முறையால் எட்டு ஆண்டுகளாக வெளியே ஓட்ட முடியவில்லை. இந்த ஆண்டு ஒரு பெண்கள் அணியில் ஓர் இடம் காலியானது. அதற்கு மூன்று தகுதிப் போட்டிகள் வைத்தார்கள். முதல் இரண்டில் அவள் நன்றாகவே ஓட்டியிருந்தாள். மூன்றாவதில் முதல் பன்னிரண்டு பேருக்குள் வந்தால் இடம் உறுதி என்று அணி மேலாளர் எழுதியிருந்தார். அந்த மூன்றாவது போட்டிதான் சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நாற்பத்தோரு கிலோமீட்டர், மூன்று ஏற்றம், கடைசி ஏற்றம் ஐந்து கிலோமீட்டர்.

அந்தப் போட்டிக்கு உத்தி வகுத்தவன் நான். ஒரு மாதம் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதினேன். திரையில் கிடைக்கும் சைக்கிள்களில் எதை எடுப்பது என்பதில் மகளுக்கும் எனக்கும் இரண்டு நாள் வாக்குவாதம். "மூணு ஏத்தம்ப்பா. எடை கம்மியா இருக்கறதை எடுக்காம காத்தைக் கிழிக்கறதை எடுக்கச் சொல்றீங்களே" என்றாள். எடை குறைந்த சைக்கிள் கடைசி ஏற்றத்தில் பதினைந்து நொடி மிச்சப்படுத்தும், ஆனால் அதற்கு முன்னால் சமதளமும் இறக்கமும் பாதித் தூரத்துக்கு மேல் இருக்கிறது, அங்கே கூட்டத்தை விட்டுவிட்டால் அந்தப் பதினைந்து நொடியை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். நடுவில் சைக்கிள் மாற்ற வேண்டுமென்றால் நிற்க வேண்டும். கடைசியில் ஒப்புக்கொண்டாள். சமதளத்தில் மற்றவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொள், மேட்டின் உச்சியில் மூச்சு வாங்க நிற்காதே, உச்சியைத் தாண்டிப் பத்து மிதி மிதித்துவிட்டு ஓய்வெடு, உடல் எடையைச் சில நொடிகளுக்குக் குறைத்துக் காட்டும் இறகுச் சின்னத்தை வழியில் திரை பரிசாகக் கொடுத்தால் கடைசி ஏற்றத்தின் செங்குத்தான வளைவு வரைக்கும் செலவழிக்காதே. இவ்வளவையும் ஓர் அட்டையில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினேன்.

அதன் பிறகு சூட்டைப் பற்றி யோசித்தேன். சாலையில் எதிர்க்காற்று உடம்பைக் குளிர்விக்கும். அறைக்குள் அது கிடையாது. அரை மணி நேரத்தில் உடம்பு கொதித்துக் கால் தளர்ந்துவிடும். அதற்காகச் சக்கரம் வைத்த சிறிய ஏசி ஒன்றைக் கூடத்தில் வைத்திருந்தோம், முன்னால் ஒரு மேசை விசிறியும் உண்டு. இவை போதாதென்று வாடகைக் கடையிலிருந்து பட்டறைகளில் வைக்கும் பெரிய விசிறி ஒன்றை எடுத்துவந்தேன். அதைத் தொடக்கத்திலிருந்தே ஓடவிட்டால் உடம்பு பழகிவிடும், கடைசி ஏற்றம் தொடங்கும்போது போட்டால் புது உயிர் வந்தது போல இருக்கும் என்பது என் திட்டம். சனிக்கிழமை மாலை அதைச் செருகிச் சோதித்தேன். நன்றாக ஓடியது. அப்போது ஏசி நின்றிருந்தது, திரையும் அணைந்திருந்தது.

அந்தச் சத்தத்துக்குச் செயலாளர் மேலே வந்தார். ஏற்கெனவே ட்ரெய்னரின் உறுமல் தன் தலைக்கு மேல் கேட்கிறது என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். அதற்காக ரப்பர் விரிப்பு போட்டிருந்தோம். அவர் வாசலில் நின்று விசிறியைப் பார்த்து, "வாத்தியாரே, இது வீடா, மாவு மில்லா?" என்றார். நாளை ஒன்றரை மணி நேரம் மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். "நாளைக்கும் இந்த உறுமல் கேட்டுச்சுன்னா கீழ போய் உங்க மெயினைப் புடுங்கிட்டுத்தான் மறுவேலை" என்றார். மருமகன் நடுவில் புகுந்து, "புடுங்குங்க சார், அப்புறம் நாங்க உங்க வீட்டுக்கு வந்து ஓட்டுறோம்" என்றார். செயலாளர் சிரிக்கவில்லை. விசிறியைக் கடைசிப் பதினாறு நிமிடத்துக்கு மட்டும் போடுவது என்று அதற்கு அப்புறம் நான் இன்னும் உறுதியாக இருந்தேன்.

ஞாயிறு காலை எட்டரைக்கு மகள் எடை பார்த்து வீடியோ அனுப்பினாள். ஒன்பதரைக்குப் போட்டி தொடங்கியது. அறுபத்து நான்கு பேர். முதல் ஏற்றம் முடிந்தபோது முன் கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். இரண்டாவது ஏற்றத்தின் உச்சியில் பலர் மூச்சு வாங்க மிதியைத் தளர்த்தினார்கள். மகள் பத்து மிதி கூடுதலாக மிதித்தாள். இறக்கத்தில் பார்த்தால் கூட்டத்தில் இருபத்து மூன்று பேர்தான். எடை குறைந்த சைக்கிள் எடுத்தவர்கள் பலர் பின்னால் சிதறியிருந்தார்கள். "உங்க கணக்கு பலிச்சிடுச்சுப்பா" என்றாள், பேசக்கூடாது என்று நான் எழுதி ஒட்டியிருந்தும். கடைசி ஏற்றத்தின் அடிவாரத்தில் அவள் ஒன்பதாவது இடத்தில் இருந்தாள். இறகுச் சின்னம் செலவாகாமல் இருந்தது. மணி பத்து முப்பத்து நான்கு. நான் பெரிய விசிறியின் சுவிட்சைப் போட்டேன்.

திரை இருண்டது. ஏசி நின்றது. ட்ரெய்னர் பிடியை விட்டதால் மகளின் கால்கள் எதிர்ப்பில்லாமல் வெறுமனே இரண்டு மூன்று சுற்று சுற்றின. "அப்பா, என்னாச்சு?" என்று கேட்டாள். இணைப்பு அறுந்தால் அந்தப் போட்டியில் திரும்பச் சேர முடியாது.

அதன் பிறகு நான் யோசிக்கவில்லை. மிதி ஆடினால் திருகி இறுக்குவதற்காகக் கையில் வைத்திருந்த நீள ஸ்பேனரோடு மூன்று மாடி இறங்கினேன். தரைத்தளத்தில் மாடிப்படிக்குக் கீழே மீட்டர் அறை. அதன் கதவைச் செயலாளர் பூட்டிக்கொண்டிருந்தார். சாவி அவர் கையில் இருந்தது. "பதினோரு மணி வரைக்கும் உங்களால பொறுக்க முடியலையா?" என்று கேட்டேன். "என்ன பொறுக்கணும்? மோட்டர் போட வந்தேன்யா, தண்ணி இல்லைன்னா மட்டும் எல்லாரும் என் கதவைத் தட்டுவீங்க" என்றார். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் அவருடைய தோளைப் பிடித்துத் தள்ளினேன். அவர் படியில் இடறிக் கையை ஊன்றி விழுந்தார். கண்ணாடி சிமென்ட் தரையில் விழுந்து இடது பக்கம் உடைந்தது. ஸ்பேனரால் நான் அடிக்கவில்லை. ஆனால் அது என் கையில் இருந்தது. காவலாளி ஓடிவந்து என்னைப் பின்னால் இழுத்தார். செயலாளர் உட்கார்ந்தபடியே, "நீங்களா சார்?" என்று ஒரு தடவை கேட்டார்.

அதன் பிறகு நான் மேலே வந்தேன். மகள் செருப்பு அலமாரிக்கு மேலே இருக்கும் மின்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். "ஃப்ரிட்ஜ் ஓடிக்கிட்டுத்தாம்ப்பா இருந்துச்சு. ஹால் ட்ரிப் சுவிட்ச் மட்டும் கீழ விழுந்திருக்கு" என்றாள். அதை மேலே தள்ளினாள். பெரிய விசிறி ஓர் உறுமல் உறுமியது, திரையில் வெளிச்சம் வந்தது, என் கண் முன்னாலேயே சுவிட்ச் மறுபடி டக்கென்று விழுந்தது. இரண்டாவது சோதனை எனக்குத் தேவைப்படவில்லை.

கூடத்து இணைப்பு ஆறு ஆம்பியர். இருநூற்று முப்பது வோல்ட்டால் பெருக்கினால் ஆயிரத்து முந்நூற்று எண்பது வாட், அதைத் தாண்டினால் சுவிட்ச் தானாக விழும். ஏசி ஆயிரம், திரை நூற்று நாற்பது, மேசை விசிறி எழுபது, ட்ரெய்னர் நாற்பது, மடிக்கணினி அறுபது. ஆயிரத்து முந்நூற்றுப் பத்து. பெரிய விசிறி இருநூற்று எண்பது, அதுவும் தொடங்கும் நொடியில் மோட்டார் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். எட்டாம் வகுப்புக் கூட்டல். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டு எல்லாம் சேர்ந்து ஓடும் என்று எழுதிய மாணவனுக்கு நான் எத்தனையோ முறை சுழியம் போட்டிருக்கிறேன். மலைக் கணக்கெல்லாம் சரியாக வந்தது.

திங்கட்கிழமை அணி மேலாளரிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவர் வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்ததாகக் காவல் நிலையத்தில் வாக்குமூலம் பதிவானால் மகளுக்கு மட்டும் தனியாக மறுபோட்டி தரலாம், வீட்டுக்குள் ஏற்பட்ட கோளாறு என்றால் விதிப்படி முடியாது என்று எழுதியிருந்தார். அன்று மாலையே மருமகன் இங்கே வந்து எதிர்ப்புகார் கொடுத்தார். பிறகு என்னிடம், "மாமா, அவரு மிரட்டினது உண்மை. கரண்ட் போனது உண்மை. மீட்டர் ரூம் வாசல்ல சாவியோட நின்னது உண்மை. இந்த மூணையும் வரிசையா எழுதுங்க. நாலாவதை நீங்க எழுதவே வேணாம், படிக்கறவங்களே எழுதிக்குவாங்க" என்றார். தொழில் தெரிந்தவர். அந்த மூன்றையும் நான் மேலே எழுதியிருக்கிறேன். மூன்றும் உண்மைதான். புதன்கிழமை இதே நாற்காலியில் உட்கார்ந்து எழுத்தரிடம் முக்கால் மணி நேரம் மலை, எடை, காற்று என்று பேசியதும் அந்த நாலாவது உண்மையா பொய்யா என்று சொல்லாமல் தப்பிப்பதற்காகத்தான்.

இன்று காலை பேருந்தில் வரும் வழியில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு பேசியதெல்லாம் "டீ ஆறுது", "கதவைச் சாத்துங்க" என்ற அளவில்தான். பாதி வழியில், "ஒண்ணு கேக்கணும்ப்பா. அந்தப் பெரிய ஃபேனை ஏசியோட சேத்துப் போட்டுப் பாத்தீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அதையும் எழுதுங்க" என்றாள். அதை எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா என்று கேட்டேன். "தெரியும். எட்டு வருஷம் கழிச்சு ஒன்பதாவது வந்தேன். அந்த இடத்தை யாரோ ஒருத்தர் தலையில பழியை ஏத்தி வாங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகவே எழுதுகிறேன். செயலாளர் எங்கள் வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கவில்லை. துண்டித்தது நான் போட்ட சுவிட்ச். அவரைத் தள்ளியதும் நான்தான், அதற்கான நடவடிக்கைக்கு உட்படுகிறேன்.

மேலே உள்ளவை நான் செய்தவையும் நேரில் கண்டு கேட்டவையும் மட்டுமே. யாரும் என்னை மிரட்டியோ ஆசை காட்டியோ எழுதவைக்கவில்லை. சொல்லிக்கொடுத்தபடி நிறுத்திக்கொள்ளாமல் மீதியையும் எழுதியிருக்கிறேன். முழுதும் படித்துப் பார்த்து, இரண்டு அடித்தல்களுக்குச் சுருக்கொப்பமிட்டு, கீழே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்
மூன்றாம் மாடி, வலப்பக்க வீடு

பின்குறிப்பு: இதைப் படிப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே இணைப்பில் ஓடும் பொருள்களைத் திருப்பி, ஒவ்வொன்றின் பின்னாலும் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.