ஒன்பது வோல்ட்

ஒன்பது வோல்ட் பேட்டரியை நாக்கில் வைத்தால் லேசாகப் புளிக்கும். அதற்கு மேல் அது யாரையும் ஒன்றும் செய்யாது. சின்ன வயதில் நீங்களும் வைத்துப் பார்த்திருப்பீர்கள், சார்.

இதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். மல்லாபூர் ஷெட்டில் யோகேஷ் இறந்ததற்கு அவன் காலடியில் இருந்த பெடல்தான் காரணம் என்றும், அனுபவமில்லாத யாரோ அதைப் பிரித்து மாற்றியதால் வந்த கோளாறு என்றும் நீங்கள் எழுதியிருப்பதாக எங்களோடு வாசிக்கும் மஹதி சொன்னாள். அந்த யாரோ நான்தான். என் பெடல் ஒன்பது வோல்ட்டில் ஓடுவது. அதில் கோளாறு எதுவும் இல்லை. அந்த ஒரு வரியை நீங்கள் திருத்த வேண்டும்.

நீங்கள் சித்தூர்க்காரர் என்பதால் தமிழிலேயே சொல்லச் சொன்னீர்கள், நன்றி. கான்ஸ்டபிள் நாகம்மா மேடம் கொடுத்த டீயும் நன்றாக இருந்தது. மழையில் நனைந்த ஷூவை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்து கொடுத்தார். தரை சில்லென்று இருக்கிறது, பாவம்.

பெடல் என்பது உள்ளங்கை அகல இரும்புப் பெட்டி. கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் தரையில் கிடக்கும். காலால் அழுத்தினால் கிடாரின் குரல் கரகரக்கும், அழுது முடித்தவன் பேசுவது போல. அந்தக் கரகரப்பு உள்ளே இருக்கும் எட்டுக் கால் சிப் ஒன்றிலிருந்து வருகிறது. கம்பெனிக்காரர்கள் மலிவான சிப்பைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். நான் அதை எடுத்துவிட்டு, கோட்டி பஜாரின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடிப் பொறுக்கிய வேறொன்றைப் போடுவேன். மாதாப்பூரில் எனக்குச் சம்பளம் தருவது மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. ஆனால் நான் யார் என்று கேட்டால், சிப்புக்குச் சிப் குரல் மாறுவதைக் கேட்கக்கூடியவன் என்றுதான் சொல்லியிருப்பேன். அது எல்லோருக்கும் கேட்காது.

யோகேஷும் நானும் உப்பலில் ஒரே தெரு. அவன் கிடார் வாசிப்பான், பாடுவான். மஹதி கீபோர்டு. அவன் மாமாவின் காலி ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி. அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாத்தியத்தைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்பது அவன் அம்மா சுமலதா ஆன்ட்டியின் கட்டளை. பெடலும் வாத்தியம்தானே என்பார். அதனால் அவன் செருப்பைக் கழற்றி, குனிந்து பெடலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம்தான் வெறுங்காலால் அழுத்துவான்.

"ஹவ், ஆமா, அப்படியே ஒரு கற்பூரமும் ஏத்திடு," என்பாள் மஹதி.

அவன் பெடலுக்கு நான் சிப் மாற்றிக் கொடுத்தேன். நேரடியாகப் பற்றவைக்காமல் ஒரு சாக்கெட் வைத்தேன். பிடிக்காவிட்டால் கழற்றி வேறு செருகிக்கொள்ளலாம். நண்பனுக்குச் செய்கிற வசதி அது. அந்த வசதியை அவன் எனக்கு எதிராகப் பயன்படுத்தினான்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு. அவன் வாசித்துக்கொண்டிருந்தான். நான் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு மஹதியிடம் சொன்னேன்: "கவனி, நடுவுல குரல் எப்படித் திறந்திருக்கு பாரு. கம்பெனி சிப்புல இது வரவே வராது."

யோகேஷ் வாசிப்பதை நிறுத்தினான். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் முன்னால் உள்ளங்கையை விரித்தான். என்னுடைய சிப். எட்டுக் காலையும் மேலே தூக்கிக்கொண்டு, செத்த பூச்சியைப் போல மல்லாந்து கிடந்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது கம்பெனி சிப்.

"நக்கோ ரா சீனு, வேணாம் விடு, இதெல்லாம் ஒண்ணுதான்டா," என்றான். மஹதி கீபோர்டு மேல் சாய்ந்து சிரித்தாள். "உனக்குக் காதே வேணாம் சீனு, வாய் போதும்."

நானும் சிரித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து பயம். அடி வாங்கிய பயமல்ல, அதை நான் அறிவேன். இது வேறு. வீட்டில் இரண்டு சிப்பையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். எது எது என்று தெரியவில்லை. ஆபீசில் ஏசி ஓடுகிற சத்தம் நேற்றைய சத்தம்தானா என்று சந்தேகம் வந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டால், நிஜமாகவே கூப்பிட்டாளா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். இத்தனை வருடம் கேட்டதெல்லாம் நானே நினைத்துக்கொண்டதுதான் என்றால், உள்ளே இருப்பது யார்? காலி ஷெட்டில் நின்று கதவைத் தட்டுகிறவனைப் போல இருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு காலேஜ் போட்டிக்கு அவர்கள் பெயர் கொடுத்தார்கள். அப்போதுதான் ஓர் இரைச்சல் வந்தது. மழைக்காலத்தில் அந்த ஷெட்டின் ஒயரிங் அப்படித்தான், ஆம்ப்ளிஃபயர் ஓயாமல் முனகும். யோகேஷ் என் பெடலைக் குற்றம் சொன்னான். "சிப் டாக்டர், இந்த ங்ங்ங்காவது காதுல விழுதா? உன் வைத்தியம்தான்டா இது."

என் வைத்தியம் இல்லை என்று நிரூபிக்க ஒரு வழி இருந்தது. இந்த ஊரில் மைக் செட்காரர்கள் பலர் செய்வதுதான். ஆம்ப்ளிஃபயர் பிளக்கைத் திறந்து எர்த் ஒயரை எடுத்துவிட்டால் முனகல் நின்றுவிடும். அடுத்த ஞாயிறு அவர்கள் வருவதற்கு முன்னால் போய் எடுத்துவிட்டேன். நான் செய்தது இரைச்சலைச் சரிசெய்த ஒரு வேலை. அதை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஆம்ப்ளிஃபயர் மூன்று கை மாறி வந்தது, உள்ளே மின்கசிவு இருந்தது. எர்த் இருந்தவரை அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது போக இடமில்லாமல் கிடார் கம்பிகளில் வந்து காத்திருந்தது. புறங்கையால் கம்பியை லேசாகத் தொட்டுப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்தது போல ஒரு சுருக்.

அவன் வெறுங்காலோடு நிற்பவன். ஈரத் தரை. அதனால் அவன் நிற்கிற இடத்தில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டேன், புதிது, என் செலவில். கொல்ல நினைக்கிறவன் இதைச் செய்வானா? நீங்களே சொல்லுங்கள்.

யோகேஷ் வந்தான். "அரே, கார்ப்பெட்லாம் போட்டிருக்கான், விஐபி கவனிப்பு," என்றான். செருப்பைக் கழற்றினான். பெடலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கம்பிகளில் கை வைத்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசித்தான். இரைச்சல் இல்லை. கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "டேய் சீனு. எவ்ளோ சுத்தமா இருக்குடா. என்னடா பண்ணின?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "சிப்தான்," என்றேன்.

"தப்பு என்னுதுதான், ஒத்துக்கறேன்," என்றான். "இரு, மைக்லயே சொல்றேன், மஹதியும் நல்லாக் கேக்கட்டும்."

மைக் வேறொரு செட்டில் இருந்தது. அதன் எர்த் சரியாகவே இருந்தது, காத்திருந்த கசிவு மண்ணுக்குப் போக அது ஒரு வழி. கிடார் கம்பிகளில் இடது கையை வைத்தபடி அவன் சிரித்துக்கொண்டே குனிந்தான். உதடு மைக்கைத் தொட்டது. "சீனு" என்றுகூட முழுதாக வரவில்லை. கை கம்பியை விடவில்லை, வாய் மைக்கை விடவில்லை. மஹதி அவன் விளையாடுகிறான் என்று நினைத்து முதலில் சிரித்தாள். மெயின் சுவிட்ச் என் பக்கத்தில்தான் இருந்தது. மஹதி ஓடி வந்து அணைத்தாள்.

தெரிந்தேதான் செய்தாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம் சார். விரிப்பு இல்லையென்றால் கம்பியைத் தொட்டதும் காலில் சுருக்கென்று இழுத்திருக்கும், கையை உதறிவிட்டுத் தப்பியிருப்பான். விரிப்பு இருந்ததால் அவனுக்கு எதுவும் தெரியவில்லை, மைக்குக்குக் குனியும் வரை. அவன் பாடுகிறவன், எப்படியும் குனிவான். அதையெல்லாம் யோசித்துத்தான் வாங்கினேன். ஆனால் பெடலை இதில் சேர்க்காதீர்கள். அதைத் திறந்து உள்ளே எந்தச் சிப் இருந்தது என்று பார்க்கும்போது மட்டும் என்னைக் கூப்பிட வேண்டாம். அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. மூலையில் உங்கள் வயர்லெஸ் செட் நான் வந்ததிலிருந்து முனகிக்கொண்டே இருக்கிறது. மற்றவர்களுக்குக் கேட்காமல் இருக்கலாம். நாகம்மா மேடம் அந்த மைக்கை உதட்டோடு வைத்துக்கொண்டு எத்தனை கஷ்டப்பட்டுப் பேசுகிறார், பாருங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் போதும், ஒரே ஒரு ஒயர்தான். அவர் வெறுங்காலோடு நிற்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கீழே ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டுவிடுகிறேன்.