டாக்டர் முகத்துக்கு நேரே கால்

வண்டலூரிலிருந்து தாம்பரம் வந்த ஷேர் ஆட்டோவில் என் எதிரே இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவளின் வலது காலில் துணிக்கட்டு. வெளியே தெரிந்த விரல் கறுத்திருந்தது. ஆட்டோ முழுக்க நாற்றம்.

"டாக்டர் மூஞ்சிக்கு நேரா எப்டிடி காலை நீட்றது?" என்றாள் மூத்தவள்.

"மாசாமாசம் வீடியோ போன்ல அந்த சுகர் டாக்டரம்மாவைப் பாத்துப் பேசிகினுதானே இருந்த, அக்கா?" என்றாள் இளையவள்.

"சுகர் எவ்ளோன்னு கேட்டுச்சு, சொன்னேன். கால்ல புண்ணு கீதான்னு கேட்டுச்சு. இல்லன்னுட்டேன்."

"ஏன் அப்டி சொன்ன?"

"கீதுன்னா காட்டுன்னு சொல்லும். போன்ல அது மூஞ்சி தெரிது. அதுக்கு நேரா காலைத் தூக்குனா மரியாதையா? வலியும் இல்லடி."

"சுகர்ல கால் மரத்துப்போச்சு, எப்டி வலிக்கும்? இதோட மீன் கூடையைத் தூக்கிகினு தெருத்தெருவா சுத்தியிருக்க. இப்போ ஆஸ்பத்திரில விரலை எடுக்கணும்னா இன்னா பண்ணுவ? காலையே எடுக்கணும்னா?"

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

மூத்தவள் புடவையை இழுத்துக் காலை மூடினாள்.

"டாக்டரம்மாகிட்ட பொய் சொல்லிட்டேனே," என்றாள். "திட்டுமாடி?"