லைன்காரர் நேரில் வரவேண்டும்

என் பெயர் ஸல்ஹா. வயது ஐம்பத்தெட்டு. காலஞ்சென்ற அம்மார் என்பவரின் மனைவி. ஜர்ஜீஸ் நகரில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்தெருவில் வசிக்கிறேன். கடல் வற்றும் நேரத்தில் மட்டிச் சிப்பி தோண்டி விற்பது தொழில். ரிமால் மொபைல் கம்பெனியின் கிளை மேலாளர் ஹைகல் என்பவர் கொடுத்த புகாரின் பேரில் இன்று போலீஸ் நிலையத்தில் என்னை விசாரித்தபோது, யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் நான் சொல்வதாவது:

என் கணவர் மௌத்தாகி மூன்று வருடம் ஆகிறது. அவர் பெயரில் இருந்த ரிமால் போன் லைனை அதன் பிறகு நான் பயன்படுத்தி வந்தேன். என் ஒரே மகன் நௌஃபல் போன கோடையின் முடிவில் இத்தாலிக்குப் படகேறிப் போனான். அன்று இரண்டு படகுகள் புறப்பட்டன. மற்றப் படகில் போனவர்கள் தங்கள் வீடுகளுக்குப் பேசிவிட்டார்கள். நௌஃபல் போன படகைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கரையேறியவர்களை அடைத்து வைக்கும் முகாமில் போன் வைத்துக்கொள்ள விடுவதில்லை, காவலர் யாராவது மனம் வைத்துக் கொடுத்தால் ஒரு நிமிடம் பேசலாம் என்று அவர்கள் சொன்னார்கள். என் மகன் மனப்பாடமாக வைத்திருந்தது என்னிடம் இருந்த அந்த ஒரு எண்ணைத்தான். ஆகவே நான் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் மட்டி தோண்டினேன், கட்டிக்கொண்டுதான் தூங்கினேன்.

அதன் பிறகு, லைன் வைத்திருப்பவர்கள் அடையாள அட்டையோடு வந்து மறுபதிவு செய்யாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. பயந்துபோய் அவர்களின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. கல்யாண வீட்டில்கூட அவ்வளவு பாட்டு நான் கேட்டதில்லை. ஆள் யாரும் பேசவில்லை.

அதன் பிறகு நான் நேரில் கடைக்குப் போனேன். வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. நின்றவர்கள் எல்லோரும் ரிமாலை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்கு மாற வந்தவர்கள். அவர்கள் சலித்துப்போய்த் திரும்பட்டும் என்று ஒரே ஒரு கவுண்டரைத் திறந்து வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ரொட்டிக் கடைக்காரர் முன்ஜி, நான் மறுபதிவு செய்ய வந்திருக்கிறேன் என்றதும், "ஊரே தலைதெறிக்க ஓடுது, நீ மட்டும் என்னக்கா புது மருமக மாதிரி உள்ளேயே இருக்கேங்கிறே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு கம்பெனிக்கு மாறினால் எண் மாறாது என்றும் அவரே சொன்னார். ஆனால் அதற்கும் லைன்காரர்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

கவுண்டரில் இருந்த பெண், லைன் யார் பேரில் இருக்கிறதோ அவர் நேரில் வர வேண்டும் என்றாள். அவர் மௌத்தாகிவிட்டார் என்றேன். "அது புரியுதும்மா, ஆனா சிஸ்டம் ஒத்துக்காது. அவரே வரணும்," என்றாள். அதன் பிறகு மேலாளர் ஹைகலைப் பார்க்கக் கேட்டேன். அவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், சாப்பிட்டு முடித்தார், எழுந்து வரவில்லை.

இரண்டாம் முறை கணவரின் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனேன். அதே பெண் அதை வாங்கி இயந்திரத்தில் பதிந்துவிட்டு, "எல்லாம் முடிஞ்சதும்மா, இனிமே நீங்க அலையவேண்டாம்," என்றாள். அவளுக்குத் துஆச் செய்துவிட்டு வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் போன் செத்துவிட்டது. மறுநாள் போய்க் கேட்டபோது, இறப்புச் சான்றிதழ் கொடுத்தால் லைனை மூடத்தான் முடியும், இன்னொருவர் பேருக்கு மாற்ற முடியாது என்றாள். திறந்து கொடுங்கள் என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். மகன் சங்கதியைச் சொன்னேன். கையை விடுவித்துக்கொண்டு, "லைன்காரர் வந்தா பார்க்கலாம். அடுத்தது யாரு?" என்றாள்.

அதன் பிறகும் பல நாள் போய் நின்றேன். கடைசியில் எனக்கு ஆத்திரம் வந்தது. என் கொழுந்தன் லஸ்அதைக் கூப்பிட்டு, பள்ளிவாசலில் மையத்தை அடக்கத்துக்குத் தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டியை எடுத்து வரச் சொன்னேன். "மதினி, உனக்குப் புத்தி பிசகிப்போச்சா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பள்ளிவாசல் மோதினாரிடம் கேட்டு எடுத்து வந்தார். முன்ஜியும் இன்னும் இரண்டு பேரும் தோள் கொடுத்தார்கள். சந்தூக் காலியாகத்தான் இருந்தது. அதைக் கடைக்குள் கொண்டுபோய்க் கவுண்டர் மேல் வைத்து, "லைன்காரர் வந்திருக்கார். இப்ப என்ன கேக்கணுமோ கேளு," என்றேன். அப்போது அதன் கால் பட்டுக் கவுண்டர் கண்ணாடி உடைந்தது. அது உண்மை. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

அதன் பிறகுதான் மேலாளர் ஹைகல் எழுந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்துப் பயந்துபோய்த் தானே உட்கார்ந்து என் எண்ணைத் தேடினார். அது மறுபடியும் விற்பனைக்குப் போய் ஸ்ஃபாக்ஸ் நகரில் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்றார். "இனிமே நாங்க ஒண்ணும் செய்ய முடியாதும்மா. வேணும்னா நல்ல நம்பரா புதுசு ஒண்ணு தரேன், ஒரு மாசம் இன்டர்நெட் இலவசம்," என்றார்.

அதன் பிறகு லஸ்அதின் போனிலிருந்து என் எண்ணுக்கே அழைத்தேன். ஒரு ஆண் எடுத்தார், லாரி ஓட்டுபவர் என்றார். யாராவது என்னைக் கேட்டு அழைத்தார்களா என்று கேட்டேன். அவர் சொன்னதாவது: "ஒருத்தன் ஏதோ வெளிநாட்டு நம்பர்லேர்ந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். உம்மாவைக் குடுன்னான். இங்க உம்மாவெல்லாம் இல்லப்பான்னேன். மறுபடியும் கூப்பிட்டு உம்மாவுக்கு என்னாச்சுன்னு அழுதான். வண்டி ஓட்டுற எரிச்சல்ல, மௌத்தாயிட்டாங்க, போனை வைன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் கூப்பிடல."

என் மகன் உயிரோடு இருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த வெளிநாட்டு எண்ணை அவரிடம் வாங்கி அழைத்தோம். யாரோ புரியாத பாஷையில் இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை.

நான் மேலாளரைச் செருப்பால் அடித்ததாகப் புகாரில் இருப்பது பொய். செருப்பைக் கழற்றினேன். லஸ்அத் பிடுங்கிவிட்டார். பிடுங்காவிட்டால் அடித்திருப்பேன், அதையும் எழுதிக்கொள்ளலாம்.

இதை ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். கடைசியில் சுயநினைவோடு சொன்னது என்று எழுதியிருந்தார். அது போதாது, உயிரோடு இருந்து சொன்னது என்றும் எழுத வேண்டும் என்றேன். அப்படி எழுதும் வழக்கமில்லை என்றார். எழுதும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். எழுதினார்.

மேலே கண்ட அத்தனையும் நடந்தது நடந்தபடி, நான் சுயநினைவோடும் உயிரோடும் இருந்து சொன்னது.

(ஒப்பம்)
ஸல்ஹா
நௌஃபலின் உம்மா