களத்தில் காய்ந்த படம்

ஆவடியில் ரயிலேறியவர்கள் ஓவியரும் அவர் மனைவியின் தம்பியும். படம் கேட்ட சேக்காட்டு மிராசுதார் உடன் வரவில்லை. தம் காலஞ்சென்ற தகப்பனாரின் எண்ணெய்ப் படத்தை அவர் வாங்க மறுத்துத் திருப்பியனுப்பியிருந்தார். ஓவியரின் மடியிலிருந்த அந்தப் படத்தின் முகமெங்கும் ஒட்டிய பதர்.

“நெல்லு தூத்துற களத்துல ஈரப் படத்த எவன்டா வெப்பான்?”

“நெல்லே ரெண்டு வெயில்ல காயுது மாமா. நாளைக்குக் கருமாதின்னு நீதானே பறந்துகினு இருந்தே?”

“எண்ணெச் சாயம் காயப் பத்து நாளாவும்னு சொன்னேனா இல்லியா? மீசகூட இல்லாத மனுசனுக்குத் தாடி வெச்சிட்டியே!”

“கடசீல சாமியாராப் பூட்டாருன்னு சொல்லியிருக்கலாம் மாமா.”

“வாய மூடு! முன்பணத்தத் திருப்பிக் குடுன்னுட்டாரு. உங்கக்கா கம்மல அடகு வெச்சாத்தான் உண்டு. பன்னெண்டு ரூபாடா, பன்னெண்டு!”