விசில் பதில் போடாத நாள்

கால்பந்து எனக்கு அவ்வளவாகப் பிடிபடாது, ஐயா. ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை என் மனைவியிடம்தான் கேட்டுக்கொள்கிறேன். போனில் நேரலைக்குள் நான் போவது மேட்சுக்காக அல்ல, மேட்சுக்குக் கீழே ஓடும் கமெண்டுகளுக்காக. நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் கிரீஸும் தூசியுமாகக் கிடக்கிறவனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா?

அங்கே என் பெயர் பெஞ்ச். நான் ஒரு வரி போட்டால் போதும், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அப்புறம் எதிர் அணியின் ரசிகர் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் விசில். நான் மண்டையை உடைத்துக்கொண்டு ஒன்று எழுதுவேன். அதற்குக் கீழே அவர் போகிறபோக்கில் ஒரு வரி போடுவார். சிரிப்பெல்லாம் அந்தப் பக்கம் போய்விடும்.

ஒருநாள் சாப்பிடும்போது என் மனைவி போனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். என்னவென்று கேட்டேன்.

"யாரோ பெஞ்சாம். அவன் ஜோக்கை ரீப்ளே போட்டுப் பார்த்தாலும் சிரிப்பு எங்கேன்னு தெரியலையாம். விசில்னு ஒருத்தர் போட்டிருக்கார்."

அந்தப் பெஞ்ச் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

நான் பராமரிக்கும் ஒரு குடியிருப்பில், மேல்மாடியில், ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் தனியாக இருந்தார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. லிஃப்டில் பட்டன் மாற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று பேச்சுக் கொடுத்தார். பேச்சுவாக்கில் போனை நீட்டினார். திரையில் விசில் என்ற பெயர்.

"பெஞ்ச்னு ஒருத்தன் இருக்கான் பாரு தம்பி. நல்ல பய. அவனைச் சீண்டலைன்னா எனக்குப் பொழுதே போகாது."

சொல்லிச் சிரித்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இழுத்துக்கொண்டார். நான் பட்டனை முடுக்கிவிட்டுக் கிளம்பினேன். வேறு யாராவது என்றால் மனம் குளிர்ந்திருக்கும். ஆனால் நான் உயிரைக் கொடுத்து எழுதுவது அவருக்குப் பொழுதுபோக்கு. அதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் கமெண்ட் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு, ஐயா. தோற்கிற அணிக்காரர்கள் சாகப்போவதுபோல் நடிப்பார்கள். நெஞ்சு அடைக்கிறது, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று போடுவார்கள். மற்றவர்கள் இரங்கல் தெரிவிப்பார்கள். நிஜமாக யாரும் கூப்பிட மாட்டார்கள்.

விசிலின் அணி ஆடும் நாளாகப் பார்த்து அந்தக் கட்டடத்தில் வேலையை வைத்துக்கொண்டேன். குற்றப்பத்திரிகையில் திட்டமிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் மறுக்கவில்லை. அவர் அணி கோல்மேல் கோலாக வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் லிஃப்டில் ஏறினார். அவர் மாடிக்கும் அதற்குக் கீழ்மாடிக்கும் நடுவில் நிறுத்தினேன். மேலே அவர் வீடு ஒன்றுதான், கீழ்மாடியில் மராமத்து நடந்ததால் அங்கே ஆள் கிடையாது. லிஃப்டுக்குள் போன் சிக்னல் வராது, வைஃபை மட்டும் வரும். உள்ளே இருக்கும் அவசர மணியை அழுத்தினால் எனக்குத்தான் அழைப்பு வரும்.

"தம்பி, லிஃப்ட் நின்னுடுச்சு. இன்ஹேலர் தீர்ந்துபோச்சு, வாங்கத்தான் இறங்கினேன். கொஞ்சம் சீக்கிரம் வாப்பா."

"தூரத்துல இருக்கேன் சார். பதறாதீங்க, வந்துடறேன்."

அவர் தலைக்கு மேலே, மெஷின் ரூமில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் கமெண்டு வந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டேன், மூச்சு விட முடியவில்லை, விளையாட்டு இல்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று எழுதி, விலாசமும் போட்டிருந்தார். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. விலாசத்தோடு நடிக்கிறாரே என்று ஒருவர் மெச்சினார். ஒரே ஒரு பெண் மட்டும், நிஜமாக இருந்தால் என்ன செய்வது, யாராவது விசாரியுங்களேன் என்று கேட்டார். அப்போதுதான் நான் போட்டேன்:

"கவலைப்படாதீங்க. லிஃப்ட் மெக்கானிக்கும் விசிலோட டீம் டிஃபென்ஸும் ஒண்ணாத்தான் கிளம்பியிருக்காங்க. வந்துடுவாங்க."

அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் சிரித்தது அதற்குத்தான்.

பிரேக்கைக் கையால் தளர்த்தி லிஃப்டை இறக்குவது பெரிய வேலை இல்லை. ஒரு கை லீவரில், ஒரு கையில் போன். கீழே அவர் கதவைத் தட்டுவது கேட்டது, இழுத்து இழுத்து மூச்சு விடுவதும் கேட்டது. அவர் பதிலுக்கு ஒரு வரி போட்டிருந்தால் உடனே இறக்கியிருப்பேன், ஐயா. அதைச் சத்தியம் செய்தே சொல்வேன். தட்டுவது நின்றது. அதன் பிறகும் காத்திருந்தேன்.

அப்புறம் நானே இறக்கினேன், நானே கதவைத் திறந்தேன். போன் அவர் கையிலேயே இருந்தது. திரையில் என் கமெண்டு. பதில் இல்லை, ஒரு சிரிப்புப் பொம்மைகூட அவர் போட்டிருக்கவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை சிலருக்குக் கடைசிவரை வருவதில்லை, ஐயா.